மைக் அக்காவின் இருநூற்று நாற்பது ஆறுதல்கள்

சபையில் அவளை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சபைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. வேலை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவளுடையது. வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால்கூட ஜனங்களுக்குக் கோபம் வராது. அந்தம்மாவே சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படி ஒரு குரலைக் கொடுத்த ஆண்டவருக்கு அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டாமா? செய்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சபை கூடுவது ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில். கீழே காற்றடிக்கும் மிஷின் உறும ஆரம்பித்தால் மேலே பிரசங்கம் நிற்கும். அது அடங்கினால் தொடரும். பாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் புதிதாக எதையாவது பார்த்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது. ஒரு ஞாயிறு மேடையேறி, "ஜனங்க வாரத்துல ரெண்டு மணி நேரம் நம்மகிட்ட இருக்காங்க. மீதி நேரமெல்லாம் போன்கிட்ட இருக்காங்க. அப்ப சீஷத்துவம், அதான் புதுசா வந்தவங்கள விசுவாசத்துல கைபிடிச்சு நடத்தறது, எங்க நடக்கணும்? போன்லதானே நடக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாதிப் பேர் அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சபையில் கிட்டார் வாசிப்பவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவர். அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து 'வழித்துணை' என்று ஒரு ஆப் செய்துகொடுத்தார். ஏற்பாடு இதுதான்: நீண்ட நாள் விசுவாசி ஒவ்வொருவருக்கும், சபைக்குப் புதிதாக வந்தவர்களில் ஆறு பேர். நாற்பது நாள், காலை ஆறு மணிக்குள், அவர்களுக்கு ஒரு வசனமும் நாலு ஆறுதல் வார்த்தையுமாகக் குரல் செய்தி அனுப்ப வேண்டும். அவர்களும் குரலிலேயே பதில் போடலாம். செய்தி போனதும் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். நாற்பது விளக்கும் அணையாமல் எரிந்தால் பெயர் திரையில் வரும்.

விளக்கு என்றதும் சபையே குழந்தையாகிவிட்டது. மைக் அக்காவுக்கு வயது ஐம்பத்துநாலு. அவளுக்கும் நாற்பதும் எரிய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல், காலை ஆறு மணி. கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாய் சும்மா இருக்காது. "கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள்தான் நீ ஏழரைக்கு முன்னாடி எழுந்து பாத்திருக்கேன். அன்னைக்கும் கண்ணு சரியா திறக்கல. திறந்திருந்தா என்னைக் கட்டியிருக்கமாட்ட" என்றார்.

"நீங்க பாருங்க, நாப்பது விளக்கும் எரியும்" என்றாள் அவள்.

வேலையில் கெட்டிக்காரியானவள் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பேருந்து நிலையத்தில் எல்லா அறிவிப்பையும் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊர்ப் பெயர்களைத் தனியாக, எண்களைத் தனியாக, 'புறப்படத் தயாராக உள்ளது' என்பதைத் தனியாக என்றோ பதிவு செய்து வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொள்ளும். அதே வித்தையை இங்கேயும் காட்டினாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அறிவிப்பு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு பேரின் பெயர்களை ஆறு விதமான பாசத்தோடு பதிவு செய்தாள். நாற்பது வசனம். பத்து விதமான காலை வணக்கம். இருபது ஆறுதல். நடுநடுவே ஒட்டிக்கொள்ள ஒரு இருமல், ஒரு பெருமூச்சு, ஒரு சின்னச் சிரிப்பு. எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டுமே என்று, 'வெளியே மழை தூறிக்கொண்டிருக்கிறது' என்று ஒன்று. 'நேற்று நீங்கள் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன்' என்று ஒன்று. இந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கே மிகவும் பிடித்துப்போய் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள்.

ஆக மொத்தம் இருநூற்று நாற்பது செய்திகள். ஆப்பில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருந்தது. குறித்தாள், அனுப்பினாள், வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து காலை ஆறு மணிக்கு மைக் அக்கா ஆறு பேரை அன்போடு எழுப்பினாள். ஏழரை மணிக்குத் தானும் எழுந்தாள்.

விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. மற்றவர்கள் பாவம், ஒன்பதாம் நாள் தலைவலி, பதினோராம் நாள் விருந்தாளி என்று ஆங்காங்கே அணைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் ஐந்தாவது ஞாயிறு அவளை எழுப்பி நிற்கவைத்தார். "முப்பத்தஞ்சு நாள், ஒரு நாள் தவறல. இதுதான் உண்மை. இதுதான் அர்ப்பணிப்பு" என்று கைதட்டச் சொன்னார். கணவரும் கைதட்டினார், ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அதோடு விட்டிருக்கலாம். "அடுத்த ஞாயிறு நிறைவு நாள். அக்கா தன்னோட ஆறு பேர் சொன்னதுல மனசத் தொட்ட ஒரு விஷயத்தை சாட்சியா சொல்வாங்க" என்றும் அறிவித்துவிட்டார்.

ஆறு பேர் சொன்னதில் ஒன்று. மைக் அக்கா உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் சொன்னார்களா என்ன?

அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் சொல்லவரவில்லை, குற்றம்தான். ஆனால் அவள் வேலை அப்படி. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குப் பேசுகிறவள். வெளியே யார் வாயசைத்தாலும் உள்ளே கேட்காது. இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு யாரும் பதில் சொன்னதில்லை. சொல்லுவார்கள் என்று அவள் காத்திருந்ததும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அறிவிப்பு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆப்பைத் திறந்தாள். ஐந்து பேர் கொஞ்சம் கொஞ்சம்தான் பேசியிருந்தார்கள். ஆறாவதாக ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்தில் முப்பத்தாறு என்று இருந்தது. முப்பத்தாறு நாளுக்கு முப்பத்தாறு பதில். சாட்சிக்கு வேண்டியது இங்கேதான் கிடைக்கும் என்று கையில் பேனாவும் காகிதமுமாக முதலிலிருந்து போட்டாள்.

"ஸ்தோத்திரம் அக்கா. நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கிறேன். சபைக்கு வர ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது. காலையில எனக்குன்னு ஒருத்தர் எழுந்து பேசறது எனக்குப் பழக்கமில்ல, அதான் என்ன சொல்றதுன்னு தெரியல. சார், கிளட்ச், கிளட்ச், விடாதீங்க. அப்புறம் பேசறேன் அக்கா."

யார் என்று ஞாபகம் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிந்த பிறகும் அரை வரி பாடிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுப் பெண். சபையில் டிரைவிங் டீச்சர் என்பார்கள்.

மூன்றாம் நாள்: "உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன் அக்கா. பஸ் ஸ்டாண்டு. இப்பல்லாம் நீங்க வசனம் சொன்னா பையைத் தூக்கிக்கிட்டு எழுந்திருக்கணும் போல இருக்கு." மைக் அக்கா சிரித்து, அதைக் குறித்துக்கொண்டாள். சாட்சிக்கு நன்றாக வரும்.

எட்டாம் நாள்: "ஜெபம் பண்ண உக்காந்தா தூக்கம் வருது. அது பாவமா அக்கா? நாளைக்கு சொல்லுங்க." மறுநாள் தான் என்ன சொன்னோம் என்று மைக் அக்கா தன் செய்தியைப் போட்டுப் பார்த்தாள். 'உங்கள் வளர்ச்சியைக் கண்டு என் உள்ளம் மகிழ்கிறது' என்று வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

பதினோராம் நாள் டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது. கழுத்தில் ஒரு கட்டி. எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுக்கும்போது குரல் நரம்பில் பட்டுவிட்டால் குரல் போகலாம், நூறு பேரில் ஒருத்தருக்கு. "நூறு பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவ அக்கா நான். அந்த ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியும். நூறுல பெயிலாகறதுக்குன்னே எப்பவும் ஒருத்தர் இருப்பார். இந்தத் தடவை அது நான்தான். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்."

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு மைக் அக்கா அனுப்பியது: 'நேற்று நீங்கள் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.'

அதற்கு டீச்சர் போட்ட பதிலில் முதல் அரை நிமிடம் வெறும் அழுகை. "நன்றிக்கா. நீங்க யோசிச்சீங்களே, அது போதும்" என்று முடிந்தது. மைக் அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே ஒலிபெருக்கியில் அவள் குரலே, எந்தக் கவலையும் இல்லாமல், நாலாம் நடைமேடை வண்டியைப் புறப்படச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

குட்டு எப்படி உடைந்தது என்றால், மழையால். பதினைந்தாம் நாள் டீச்சர் கேட்டாள்: "மழை தூறுதுன்னு சொன்னீங்க. எந்த ஊருல அக்கா? இங்க தார் ரோடு உருகுது." அடுத்த நாள் ஒரு சோதனை வைத்தாள்: "அக்கா, நேத்து நான் ஒரு கொலை பண்ணிட்டேன்." அதற்கு மைக் அக்காவின் பதில்: 'மிகவும் நல்லது. சோர்ந்துபோகாமல் தொடர்ந்து செய்யுங்கள்.'

பதினேழாம் நாள் டீச்சர் நிதானமாகப் பேசினாள். "சரி, புரிஞ்சுபோச்சு. செவிடன் காதுல சங்கு ஊதிக்கிட்டிருக்கேன். ரொம்பக் கோவம் வந்துச்சு. பாஸ்டர்கிட்ட சொல்லி உங்க விளக்கெல்லாம் அணைக்கலாமான்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். கேக்கற ஆளுகிட்ட பேசினா நல்லவ மாதிரியே பேசணும். கேக்காத ஆளுகிட்ட உள்ளத உள்ளபடி பேசலாமே."

பதினெட்டாம் நாள் அவள் பேசியது ஆறு நிமிடம். அதை இங்கே சொல்லப்போவதில்லை, அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். கேட்டு முடித்தபோது மைக் அக்கா காகிதத்தில் குறித்ததையெல்லாம் கிழித்துப் போட்டிருந்தாள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மீதியை ஒரே மூச்சில் கேட்டாள். கடைசிச் செய்தி அன்று காலையில் வந்தது. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன். இன்னைக்கு சாயங்காலம் ஆறுக்குள்ள போய்ச் சேரணும். நான் போகப்போறதில்ல அக்கா. குரல் இல்லன்னா இந்த வேலை இல்ல, வேலை இல்லன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல. கட்டி இருந்துட்டுப் போகட்டும். டாக்டர்கிட்ட சொல்லல, தம்பிகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொன்னா யார்கிட்டயும் சொன்ன மாதிரி இல்ல, அதான் சொல்லிட்டேன். கை எங்க இருக்கு சார், ஸ்டியரிங்க புடிங்க."

மணி நாலரை.

போன் செய்தாள், எடுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் போய் அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்றாள். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டிரைவிங் ஸ்கூலில் விசாரித்து, பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனாள். எல் போர்டு மாட்டிய ஒரு சின்னக் கார் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே போய்க் கையை நீட்டி நின்றாள். கார் குலுங்கி, விக்கல் எடுத்து, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஓட்டியவர் பல் டாக்டர். இரண்டு தடவை தேர்வில் தோற்று மூன்றாவது தடவைக்குப் படிப்பவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பிரேக் நீங்கதான் சார் போட்டீங்க. நான் காலை வைக்கவே இல்ல. நல்ல முன்னேற்றம்" என்றாள் பக்கத்தில் இருந்த டீச்சர். பிறகு கண்ணாடி வழியே பார்த்து, யார் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

மைக் அக்கா பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க சார், ரெண்டாவது கியர்" என்றாள் டீச்சர். கார் நகர்ந்தது. திரும்பிப் பார்க்காமல், "என்னக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கேட்டேன்மா."

"எதை?"

"எல்லாத்தையும். இன்னைக்குத்தான். மத்தியானம் உக்காந்து கேட்டேன்."

கார் ஒரு முழு வட்டம் போனது. "பதினெட்டாம் நாளுமா?" என்றாள் டீச்சர்.

"பதினெட்டாம் நாளும்."

டீச்சரின் காது மடல் சிவந்தது. "இத்தனை நாள் கேக்காம இருந்துட்டு இன்னைக்குப் போய் கேட்டீங்களே. இது என்ன நியாயம்? கேக்கமாட்டீங்கன்னு நம்பித்தானே பேசினேன்."

"நான் பண்ணினது தப்பு. விளக்குக்கு ஆசைப்பட்டு ஒரு சனிக்கிழமை எல்லாத்தையும் பதிஞ்சு போட்டுட்டுத் தூங்கினேன். நீங்க அழுதது கேட்டேன்ல, அந்தப் பன்னெண்டாம் நாள்… எனக்கு என்னையே பிடிக்கலம்மா."

பல் டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார். "ரோட்டப் பாருங்க சார்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"சரி. மன்னிச்சுட்டேன். இறங்கிக்கோங்க" என்றாள் டீச்சர்.

"ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி."

"போகமாட்டேன்னு சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சு. நானா இருந்தாலும் போயிருக்கமாட்டேன்." டீச்சர் முதல் தடவையாகத் திரும்பினாள். மைக் அக்கா சொல்லிக்கொண்டே போனாள். "எனக்கும் சோறு போடறது இந்தத் தொண்டைதான். இதுல கத்தி வைக்கப்போறேன்னு ஒருத்தர் சொன்னா நான் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேன். தைரியமா இருங்கன்னு இருவது விதமா பதிஞ்சு வெச்சிருக்கேன், அதுல ஒண்ணு கூட எனக்கு இப்ப வாயில வரல. ஆனா கட்டி இருந்துட்டுப் போகட்டும்னா அது சும்மா இருக்குமா?"

"இருக்காது" என்றார் பல் டாக்டர். "மன்னிக்கணும், நடுவுல பேசறேன். தொண்டையில கட்டின்னு காதுல விழுந்துச்சு. அது வளர்ந்து தானாவே குரல அமுக்கும். ஆபரேஷன்ல போறது நூத்துல ஒண்ணு. விட்டுட்டா எத்தனைன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீங்க பல் டாக்டர்தானே" என்றாள் டீச்சர்.

"பல்லும் கழுத்துக்கு மேலதான் இருக்கு" என்றார் அவர், பணிவாக.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையானது. காரை நிறுத்தச் சொன்னாள். "தனியாப் போய் அங்க அந்தப் பச்சைத் துணியப் போட்டுக்கிட்டுப் படுத்துக்கணும் அக்கா. அதை நினைச்சாதான்" என்றாள்.

"நான் வர்றேன்."

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"நீங்க போகச் சொல்ற வரைக்கும்."

மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. ஆட்டோ பிடிக்கலாம் என்று மைக் அக்கா இறங்கப் போனாள். டீச்சர் விடவில்லை. "சாருக்கு இன்னும் அரை மணி நேர கிளாஸ் பாக்கி இருக்கு" என்றாள். ஆக, பல் டாக்டர்தான் ஓட்டினார். ஒரு நோயாளியை இவ்வளவு மெதுவாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திக்கொண்டு போனார்கள். ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க திரும்பி வந்து பழைய குரல்ல திட்டினாதான் நான் அந்தத் தேர்வுக்குப் போவேன்" என்றார்.

சேர்க்கை மேஜையில் நர்ஸ் படிவத்தை நீட்டி, "கூட இருக்கறவங்க நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று மைக் அக்காவைக் கேட்டாள். மைக் அக்கா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் டீச்சர். "ரொம்ப நாளா பேச்சுவார்த்தை இல்ல. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."

மைக் அக்கா கணவருக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு போர்வையும் அவளுடைய மாத்திரை டப்பாவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "காலையில கடைய லேட்டா திறக்கறேன். ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் கண்ணயர்ந்ததும் மைக் அக்கா ஆப்பைத் திறந்து, மீதி நாட்களுக்குக் குறித்து வைத்திருந்த அத்தனை செய்தியையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

விடிந்தது. ஆறு மணியும் ஆனது. டீச்சர் பச்சைத் துணிக்கு மாறி, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. தள்ளிக்கொண்டு போக வந்தவர் வாசலில் காத்திருந்தார்.

"ஜெபம் பண்ணுங்க அக்கா" என்றாள்.

மைக் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பதிந்து வைத்த வார்த்தைகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன, நான் வரவா, நான் வரவா என்று. "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றாள். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"அப்ப சும்மா இருங்க. நான் பண்றேன். நீங்க கேளுங்க."

டீச்சர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. அது உங்களுக்கே தெரியும். டாக்டர் ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கட்டும். குரல் போயிட்டா அதுக்கும் ஒரு வழி வெச்சிருப்பீங்க, ஆனா போகாம இருந்தா நல்லது. இந்த அக்கா ராத்திரி பூரா நாற்காலியில உக்காந்து முதுகு பிடிச்சுப் போயிருக்காங்க, அதையும் கொஞ்சம் பாருங்க. முதல்ல அவங்க கேக்கல. இப்ப கேக்கறாங்க. நீங்க முதல்லருந்தே கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்கன்னு நினைக்கிறேன். ஆமென்."

மைக் அக்காவும் ஆமென் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. கதவு மூடிக்கொண்டது.

காத்திருந்த நேரத்தில் அவள் மற்ற ஐந்து பேர் பேசியதையும் கேட்டாள், ஒரு செய்தி விடாமல். ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் ஆறாம் நாள் கேட்டிருந்தார்: வேதத்தை எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது, முதல் பக்கத்திலிருந்தா? முப்பது நாள் கழித்து அதற்குப் பதில் போட்டாள். "தம்பி, இவ்வளவு நாள் நான் கேக்கவே இல்ல, மன்னிச்சுக்கோங்க. இப்ப எங்க வரைக்கும் வாசிச்சிருக்கீங்க?" என்று. அவர் உடனே போன் செய்தே பேசிவிட்டார். ஆரம்பிக்கவே இல்லையாம், பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாராம்.

ஒன்பது மணிக்குப் பாஸ்டர் கூப்பிட்டார். "அக்கா, இன்னைக்கு உங்க விளக்கு எரியலையே. ஆப்ல ஏதாவது கோளாறா?"

"ஆப் நல்லாத்தான் இருக்கு பாஸ்டர். கோளாறு என்கிட்ட" என்று ஆரம்பித்து, மழையிலிருந்து கொலை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் டயர்க் கடையின் காற்றடிக்கும் மிஷின் உறுமியது.

"அக்கா" என்றார் கடைசியில், ரகசியம் பேசுகிறவரைப் போல. "எனக்குப் பத்துப் பேர் இருக்காங்க. நானும் அவங்க அனுப்பினத… சரி, நான் இப்ப வைக்கறேன். உக்காந்து கேக்கறேன். கேட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

பத்தரைக்குக் கதவு திறந்தது. நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்து, "கட்டிய எடுத்தாச்சு. குரல் எப்படி இருக்குன்னு அவங்க பேசினாத்தான் தெரியும். இப்ப பேச வைக்காதீங்க" என்றாள். டீச்சரின் கழுத்தில் கட்டு. கண் பாதி திறந்திருந்தது. மைக் அக்கா கட்டில் பக்கத்தில் நின்று, பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச வைக்கக் கூடாது. பேசாமலும் இருக்கக் கூடாது ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை, எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது அவள் பதிந்து வைத்ததில் இல்லாத ஜெபம்.

டீச்சரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. மைக் அக்கா குனிந்து, தன் காதை அவள் வாயருகே கொண்டுபோய் வைத்தாள்.

"அக்கா." கரகரப்பாக, கல்லும் மண்ணுமாக, ஆனால் அவளுடைய குரலேதான். "இன்னைக்கு ஆறு மணிக்கு மெசேஜ் வரல."

நான்தான் வந்துவிட்டேனே என்று சொல்ல வாயைத் திறந்தாள் மைக் அக்கா. மழையானாலும் வெயிலானாலும், வீட்டில் சாவே விழுந்தாலும் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் தடுமாறாத தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு எழுத்து வெளியே வரவில்லை. நின்ற இடத்திலேயே, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதாள்.

"பரவால்ல" என்றாள் டீச்சர். "மெதுவா சொல்லுங்க. நான் கேக்கறேன்."